பள்ளி நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்

ஜூனில் பள்ளி திறந்த வாரம், பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் புதிதாகப் பொறுப்பேற்றவர். கோடை விடுமுறையிலும் வந்து நின்று சுவருக்கெல்லாம் வெள்ளையடித்து வைத்திருந்தார். மொட்டை மாடிக்குக் கூட்டிப் போய்ப் புதுத் தொட்டியைக் காட்டினார். "ஒகேனக்கல் தண்ணியும் இதுலதான் ஏறுது, போர் தண்ணியும் இதுலதான் ஏறுது சார். இனிமே பிள்ளைங்களுக்குத் தட்டுப்பாடே கிடையாது." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே காரியம்.

இப்போது ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் கட்டடம், தண்ணீர், கழிப்பறை, புத்தகம், சமையற்கூடம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். ரசீது ஒட்டாதது, இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து விட்டுப்போனது பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஒரு தணிக்கை முடிந்தால் அவை யாருக்கும் மறக்காது. தணிக்கையில் அகப்படாத தவறுகள்தான் எனக்குக் கவலை.

இரண்டு தண்ணீரை ஒரே தொட்டியில் ஏற்றுவது

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நம் பாறையிலிருந்தே கரைந்து வருவது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் தொடங்கிவைத்தார்கள். ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு இணைப்பு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. குழாய் போட வந்த பிளம்பர், "ரெண்டு டேங்க் எதுக்கு சார்? போர் லைனையும் இதுலயே சேர்த்துட்டா செலவு மிச்சம்" என்றார். நடுவில் ஒரு கேட் வால்வு வைத்தால் போதும் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சில ஆயிரம் மிச்சமானது. அந்தப் பணத்தில் பெஞ்சு வாங்கினோம்.

ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராது. வராத நாளில் யாராவது வால்வைத் திறந்து போர் மோட்டாரைப் போடுவார்கள். மறுநாள் மூட மறந்துவிடும். குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் யாரும் மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. ஃபுளோரைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியிலும் தெரியாது. மூன்றாம் வருடம் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவில் ஒரு டாக்டர், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் முன்பல்லில் இருந்த பழுப்புக் கோடுகளைக் காட்டி, "இங்க என்ன தண்ணி சார் குடிக்கிறாங்க?" என்று கேட்டார். ஒகேனக்கல் என்று உறுதியாகச் சொன்னேன். அப்புறம் குழாயிலிருந்தே பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு 2க்கு மேல் இருந்தது.

அந்தப் பிள்ளையின் வீட்டுத் தண்ணீரும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் பள்ளியில் கொடுத்தது நாங்கள் கொடுத்ததுதான். நிலைத்த பற்களின் மேற்பூச்சு உருவாவது பெரும்பாலும் எட்டு வயதுக்குள். அதில் கடைசி சில வருடங்கள் நம் தொடக்கப் பள்ளியில்தான் கழிகின்றன. ஒருமுறை படிந்த கறை தானாகப் போகாது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

இதில் எனக்கு இன்றும் கோபம் வருவது வால்வு என்ற பேச்சைக் கேட்டால்தான். வால்வு பிரிக்காது, யாராவது திறப்பார்கள். இரண்டு தொட்டி, இரண்டு குழாய், இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் இணைப்பு கூடாது. ஒகேனக்கல் குழாய்க்கு நீல வண்ணம் அடியுங்கள், போர் குழாயைக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் மட்டும் விடுங்கள். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் கிருமிக்கு மட்டும். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நீக்கும், ஆனால் வடிகட்டி மாற்ற வருடா வருடம் பணம் வேண்டும். நன்கொடையாளர் இயந்திரம் வாங்கித் தருவார், வடிகட்டி வாங்கித் தர மாட்டார்.

100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 500 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறேன். 1,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் இரண்டு நாள் ஓடும். அதற்கு மேலும் தண்ணீர் வராவிட்டால் ஊராட்சிச் செயலரிடம் ஒகேனக்கல் தண்ணீரையே லாரியில் கேளுங்கள்.

சமையற்கூடத்தை மறக்காதீர்கள். சோறும் பருப்பும் வேகும்போது தண்ணீரை உறிஞ்சிக்கொள்கின்றன. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, சமைக்கிற அம்மாக்கள் ஆசிரியர்களுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறார்கள். குடிநீர்க் குழாய் பூட்டியிருந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? கழிப்பறைப் பக்கம் இருக்கும் போர் குழாயில் குடத்தை வைப்பார்கள். நானே ஒரு காலையில் பார்த்தேன். அந்த அம்மா மீது தவறே இல்லை. சாவி தலைமையாசிரியரின் பையில் இருந்தது.

பென்னாகரம் பக்கத்துப் பள்ளியில் அன்றே போர் இணைப்பைக் கழற்றச் சொன்னேன். அவர் முகம் வாடியது. மாலையே ஆள் கூட்டி வந்து கழற்றிவிட்டார்.

பயிற்று மொழியைப் பார்க்காமல் புத்தகம் கேட்பது

ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னட வழிப் பிரிவுகள் உண்டு, சில ஊர்களில் உருதும் உண்டு. எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், பயிற்று மொழியைத் தவறாகப் பதிந்தால் கட்டு கட்டாக வேறு மொழிப் புத்தகம் வந்து இறங்கும். அப்புறம் பக்கத்து வட்டாரத்தில் மாற்றிக்கொள்ள அலைவதற்குள் ஒரு மாதம் போய்விடும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் தமிழ்ப் பாடம் உண்டு. அந்தப் புத்தகத்தைத்தான் புதியவர்கள் கணக்கில் விடுகிறார்கள்.

மானியத்தை மார்ச் வரை வைத்திருப்பது

பள்ளிச் செலவுக்கு அரசு தரும் பணம் இது, மார்ச்சோடு நிதியாண்டு முடிந்துவிடும். வந்த மாதமே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் போடுங்கள்.

கழிப்பறை கட்டிவிட்டு, கழுவ ஆள் போடாதது

கட்டாமலே இருந்திருக்கலாம்.

பழுதான கட்டடத்தைப் பூட்டி வைப்பது

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகும் பல இடங்களில் பழைய ஓட்டு வகுப்பறையைப் பூட்டி, உடைந்த மேசைகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்கள். பூட்டு கதவுக்குத்தான். அந்தச் சுவரின் நிழலில்தான் மதியம் பிள்ளைகள் சாப்பிட உட்காருகிறார்கள். இடிக்க ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ஆணை வரும்வரை சுற்றிலும் பத்தடி தள்ளி முள்வேலியாவது போடுங்கள்.