பாராசூட் மடிக்கப் பழகுவோருக்கு: துணியைவிட லைன்களைப் பாருங்கள்

புதிதாக மடிக்கக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் வியர்வை சிந்துகிறார்கள். வழுக்கி வழுக்கி ஓடும் நைலான் துணியை இஸ்திரி போட்ட வேட்டிபோல் அடுக்க அரைமணி நேரம் போராடிவிட்டு, திசை திருப்பவும் வேகம் குறைக்கவும் இழுக்கும் பிரேக் லைனை (கயிற்றை) ஒரு நொடியில் செருகி முடித்துவிடுவார்கள். நடைமுறை இதற்கு நேர்மாறானது. துணி கொஞ்சம் கசங்கியோ கோணலாகவோ மடிந்திருந்தாலும் பாராசூட் பொதுவாக ஒழுங்காகவே விரியும். அது மன்னிக்காத இடங்கள் சில உண்டு: லைன்கள் நேராக இருப்பது, பிரேக்குகள் சரியாகப் பூட்டியிருப்பது, ஸ்லைடர் (லைன்களில் வழுக்கி இறங்கி விரிவைத் தாமதப்படுத்தும் துணி) உச்சியில் நிற்பது, பைலட் சூட் (பெரிய பாராசூட்டை வெளியே இழுக்கும் சிறு பாராசூட்) விரியத் தயாராக இருப்பது, லைன் சுருள்கள் இறுக்கமாக இருப்பது, பிரைடில் (பைலட் சூட்டைப் பெரிய பாராசூட்டோடு இணைக்கும் நாடா) சரியான வழியில் போவது. இவற்றில் கவனம் வைத்தால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

இங்கே சொல்வது 7 அல்லது 9 செல் (காற்று நிரம்பும் அறை) கொண்ட சதுரப் பாராசூட்டை, அதாவது வழக்கமாக விரிக்கும் மெயினை, ‘புரோ பேக்’ முறையில் மடிப்பது பற்றி. வளையங்கள் சரியான திசையில் இருப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான் ‘புரோ’. லைன்களைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி மடிப்பதால், ஸ்லைடரின் நான்கு வளையங்களும் லைன்களும் விரியும்போது எந்த ஒழுங்கில் இருக்குமோ அதே ஒழுங்கில் மடிப்புக்குள் போகும். மெயின் கைகொடுக்காதபோது விரிக்கும் ரிசர்வில் கை வைக்கவே கூடாது. அமெரிக்கச் சட்டப்படி, செயற்கை இழையால் ஆன ரிசர்வை பாராசூட் மடித்துப் பராமரிக்க உரிமம் பெற்ற ரிக்கர்தான் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டும். மெயினை ரிக்கரோ, அடுத்து அதை அணிந்து குதிக்கப்போகிறவரோ, ரிக்கரின் நேரடிக் கண்காணிப்பில் வேறொருவரோ மடிக்கலாம். அதற்கும் 180 நாள்தான் வரம்பு. கற்கும் காலத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் ரிக்கரோ பயிற்றுநரோ பார்த்துச் சரி சொன்ன பிறகே அடுத்ததற்குப் போங்கள். உங்கள் ரிக்கின் (முதுகில் அணியும் முழுப் பாராசூட் தொகுப்பின்) கையேடு இங்கே எழுதியதிலிருந்து மாறுபட்டால், கையேடு சொல்வதையே செய்யுங்கள்.

தரையில் விரித்ததும்

நிழலான, சுத்தமான தரை வேண்டும். வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை மெல்ல மெல்லப் பலவீனமாக்கும். எண்ணெய், அமிலம், மணல் மூன்றும் துணிக்கும் லைனுக்கும் எதிரி. நனைந்த கேனபியை (பாராசூட்டின் துணிப் பகுதியை) மடிக்காமல் நிழலில் உலர்த்துங்கள். ரிக்கைத் தரையில் வைத்து, இழுத்தால் நகராதபடி ஒரு எடையிலோ கொக்கியிலோ மாட்டுங்கள். லைன்கள் கடைசிவரை விறைப்பாக இருந்தால்தான் மடிப்பு குலையாது.

முதல் வேலை பிரேக். பின்பக்க ரைசரில் (லைன்களை உடலில் கட்டும் பட்டைகளோடு இணைக்கும் நாடாவில்) உள்ள வளையத்துக்குக் கீழே வரும்வரை பிரேக் லைனை இழுத்தால், லைனில் தைத்திருக்கும் சிறு கண் ஒன்று தெரியும். டாகிளின் (பிரேக் கைப்பிடியின்) முனையை அந்தக் கண்ணுக்குள் செருகி, ரைசரில் அதற்கென உள்ள பையிலோ பட்டையிலோ அழுத்திப் பொருத்துங்கள். கண் வளையத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். மிஞ்சும் லைனையும் தொங்கவிடாமல் அதற்கான இடத்தில் செருகிவிடுங்கள். ஒருபக்க டாகிள் பாதி செருகிய நிலையில் நின்றால், விரியும் வேகத்தில் அது கழன்று அந்தப் பக்கம் மட்டும் முழு வேகம் பெறும். கேனபி சுழலத் தொடங்கும், லைன்கள் முறுக்கிக்கொள்ளும். தொங்கும் மிச்ச லைன் டாகிளைச் சுற்றி முடிச்சானால் அந்த பிரேக் அவிழாமலே போகலாம்.

அடுத்தது பைலட் சூட். கையால் வீசும் பைலட் சூட்டை 1970-களில் பில் பூத் உருவாக்கினார். இன்று பெரும்பாலான விளையாட்டு ரிக்குகளில் அதன் சுருங்கும் வகைதான் இருக்கிறது: மெயின் விரிந்ததும், பிரைடிலுக்குள் ஓடும் ஒரு லைன் பைலட் சூட்டை உள்ளிழுத்துச் சுருக்கிவிடும். சுருங்கியபடியே மடித்தால் அடுத்த குதிப்பில் அது காற்றைப் பிடிக்காது. உடன் வரும், ஆனால் கன்டெய்னரை (முதுகுப் பையை) பூட்டியிருக்கும் பின்னை, அதாவது ஊசியை, இழுக்கும் பலம் அதற்கு இருக்காது. ஆகவே பைலட் சூட்டின் அடியை ஒரு கையிலும் பிரைடிலை மறு கையிலும் பிடித்து இழுத்து, உள்லைனை முழுதாக நீட்டுங்கள். பிரைடிலில் உள்ள சிறு ஜன்னலில் நிற அடையாளம் தெரிய வேண்டும். அது தெரிந்தால் பைலட் சூட் தயார். இதை மடிப்பதற்கு முன் ஒருமுறையும் கன்டெய்னரை மூடும்போது மறுமுறையும் பாருங்கள். மடிக்கும்போது மறக்கக் கூடாத வேலைகளில் இதற்கே முதலிடம் தரலாம்.

ஸ்லைடரின் சுருக்குக் கயிற்றையும் இப்போதே தளர்த்திவிடுங்கள்.

லைன் சோதனை

இதற்கு எவ்வளவு நேரமானாலும் சரி, அவசரப்படாதீர்கள். ரைசரிலிருந்து தொடங்கி, இடது வலது லைன் கூட்டங்களை விரல்களால் பிரித்துப் பிடித்தபடி, ஸ்லைடரை முன்னே தள்ளிக்கொண்டு கேனபி வரை நடங்கள். லைன்களுக்கு முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி, டி என்று பெயர். முன் ரைசர்களிலிருந்து வரும் ஏ, பி லைன்கள் முன்பக்க வளையங்கள் வழியாகவும், பின் ரைசர்களின் சி, டி, பிரேக் லைன்கள் பின்பக்க வளையங்கள் வழியாகவும் போகும். எந்த லைனும் மற்றொன்றைச் சுற்றிப் போகக் கூடாது. வலது பிரேக் லைனைக் கண்ணால் தொடருங்கள்: வலது பின் ரைசரின் வளையம், ஸ்லைடரின் வலது பின் வளையம், கேனபியின் வால் விளிம்பில் வலப்பக்கம். இடதையும் அப்படியே பாருங்கள்.

லைன்களுக்கு இடையே ரிக் புகுந்து புரண்டிருந்தால், எத்தனை உதறினாலும் நேராகாத ஒரு முழுச் சுற்று தெரியும். ரிக்கை வந்த வழியே திருப்பிப் புகுத்தி எடுத்தால்தான் அது தீரும். தனியாகச் செய்யாமல் ரிக்கரிடம் காட்டுங்கள். தவறான திசையில் திருப்பினால் சிக்கல் இரட்டிப்பாகும். லைன்கள் தங்களுக்குள் சுருண்டு சிறு முடிச்சு போலப் பிணைந்திருப்பதையும் இங்கேயே பிரிக்க வேண்டும். தளர்ந்த லைனில் ஒன்றுமில்லாததுபோல் தெரியும் அந்தச் சுருள்தான் காற்றில் இழுபட்டதும் இறுகி, கேனபியின் ஒரு மூலையை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

தோளில் போட்டு மடிப்பது

லைன்களைத் தோளில் போட்டால் கேனபி உங்கள் முன்னே தொங்கும். திறந்த வாய் உள்ள முன்பக்கம், அதாவது நோஸ், உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். நோஸ்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சேகரியுங்கள்: 9 செல் கேனபியில் 9, 7 செல்லில் 7. எண்ணிக்கை குறைந்தால் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கிறது. சேகரித்ததை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொள்ளுங்கள்.

இனி சேலைக்குக் கொசுவம் வைப்பது போலத்தான். ஏ லைன்களுக்கும் பி லைன்களுக்கும் நடுவே சிக்கியிருக்கும் துணியை இடப்பக்கத்தவை இடப்புறமும் வலப்பக்கத்தவை வலப்புறமும் வெளியே இழுத்துவிட்டு நேராக்குங்கள். பிறகு பி–சி, சி–டி, டி–பிரேக். கொசுவத்தின் மடிப்புகள் எப்படி ஒரே இடத்தில் இடுப்பில் சேருமோ, அப்படி எல்லா லைன்களும் நடுவில் ஒன்றாகவும் துணி மட்டும் இருபுறமும் இருக்க வேண்டும். துணிக்கு வெளியே, ஓரத்தில், எந்த லைனும் வரக்கூடாது. முக்கியமாக பிரேக் லைன்கள் பின்னால் நடுவிலேயே நிற்கட்டும். அவற்றில் ஒன்று முன்பக்கம் வந்து நோஸைத் தாண்டிக் கிடந்தால், கேனபி விரியும்போது லைன் மேலே ஏறி அதை இரண்டாகக் கட்டியதுபோல் ஆக்கிவிடும்.

இப்போது ஸ்லைடர். நான்கு வளையங்களும் கேனபியின் ஓரத்தில் உள்ள தடுப்புகளில் முட்டி நிற்கும்வரை மேலே ஏற்றுங்கள். அதன் துணியை நான்கு லைன் கூட்டங்களுக்கு இடையில் சமமாகப் பிரித்து, முன்பகுதியைச் சற்று வெளியே இழுத்துவிடுங்கள். காற்றை முதலில் வாங்கும் பகுதி அதுதான். லைன்கள் விலக விலக ஸ்லைடர் இறங்குகிறது, அந்த இறக்கத்தின் தாமதமே கேனபியைப் படிப்படியாக விரியவைக்கிறது. ஏற்கெனவே ஒரு சாண் இறங்கிக் கிடக்கும் ஸ்லைடருக்குத் தாமதிக்க ஒன்றும் இல்லை. அதிர்ச்சியூட்டும் கடுமையான விரிவு கழுத்தையும் முதுகையும் காயப்படுத்தலாம், துணியும் கிழியலாம்.

வால் விளிம்பின் நடுவை, வழக்கமாக எச்சரிக்கைத் துணி தைத்திருக்கும் இடத்தை, எடுத்து ஸ்லைடர் உயரத்துக்குக் கொண்டுவந்து லைன்களோடு சேர்த்துக் கட்டைவிரலால் பிடியுங்கள். இரு பக்க வாலையும் சுற்றி முன்னே கொண்டுவந்து, பாய் சுருட்டுவதுபோல் சேர்த்துச் சுருட்டுங்கள். உள்ளே இருக்கும் மடிப்புகள் அசையாமலிருக்க இந்தச் சுற்று ஒரு உறை.

தரையில் படுக்கவைக்கும் நொடிதான் எல்லாரும் ஸ்லைடரைத் தொலைக்கும் இடம். லைன் விறைப்பு தளர்ந்தால் வளையங்கள் சறுக்கிவிடும். படுக்கவைத்த பின் கையை உள்ளே விட்டு நான்கு வளையங்களும் தடுப்புகளில் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். பிறகு கேனபி மேல் மெல்லச் சாய்ந்து காற்றை வெளியேற்றுங்கள். காற்றே ஊடுருவாத துணியாலான புதுக் கேனபி பிடிவாதம் பிடிக்கும். அதனுடன் சண்டை வேண்டாம், காற்று தானாகப் போக நேரம் கொடுங்கள். அகலத்தைப் பையின் அகலத்துக்குக் குறுக்கி, இரண்டு முறை ‘எஸ்’ வடிவில் மடியுங்கள்.

பையும் சுருள்களும்

மடித்த கேனபியை அதற்கான பையில், அதாவது டி-பேக்கில், நுழைப்பது தலையணைக்கு உறை போடுவது போன்றது. முதலில் மூலைகளை நிரப்புங்கள், ஒரு முழங்காலால் மடிப்பை அழுத்திக்கொண்டே. பை மூடும் மடலை அதன் ரப்பர் பேண்டுகள் வழியாக லைன் சுருள் செருகித்தான் பூட்ட வேண்டும். இந்தப் பூட்டுச் சுருள்கள் மிகவும் முக்கியம்: லைன்கள் முழுதாக நீண்டு விறைத்த பிறகே கேனபி பையை விட்டு வெளிவர வேண்டும்.

ஒவ்வொரு சுருளும் ரப்பர் பேண்டுக்கு வெளியே 5 முதல் 7.5 செ.மீ. நீளட்டும், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில். மெல்லிய லைனுக்குச் சிறிய ரப்பர் பேண்ட் வேண்டும். பெரிய, தளர்ந்த ரப்பரில் சுருள்கள் பையின் முதல் உதறலிலேயே மொத்தமாக உதிரும். லைன் விறைப்பதற்கு முன்பே கேனபி வெளிவந்து அடிக்கும். விரிசல் கண்ட, இளகிய ரப்பர்களை அன்றே மாற்றுங்கள். இதுவே விலை மலிவான பாதுகாப்பு. கடைசிச் சுருளுக்கும் ரைசருக்கும் இடையே 45 முதல் 60 செ.மீ. லைனைச் சுருட்டாமல் விடுங்கள். அது குறைந்தால் பை கன்டெய்னரிலிருந்து எழும்போதே ஒருபக்கம் இழுபட்டுச் சுழலும், லைன் முறுக்கு வரும்.

மூடுவது

ரைசர்களை முறுக்கில்லாமல் அவற்றின் வழியில் படிய வையுங்கள். பையைக் கையேடு சொல்லும் திசையில் கன்டெய்னரில் இருத்துங்கள். மடல்களின் வரிசை ரிக்குக்கு ரிக் மாறும். பிரைடில் எந்த இரு மடல்களுக்கு இடையில் வெளிவர வேண்டும் என்பதும் மாறும். நண்பரின் ரிக்கைப் பார்த்து உங்களுடையதை மூடாதீர்கள். மடல்களைப் பூட்டும் குளோசிங் லூப்பில் (பின் நுழையும் கயிற்று வளையத்தில்) பத்தில் ஒரு பங்கு நைந்திருந்தாலே மாற்றிவிடுங்கள். லூப் நீளமாகி, பின் (ஊசி) தளர்வாக இருந்தால் விமானத்தின் வாசலில் உரசியே கன்டெய்னர் திறந்துகொள்ளலாம். பைலட் சூட் பையிலேயே இருக்க மெயின் வெளியேறினால், குதிரைலாடம்போல் வளைந்த நிலையில் பிரைடில் இழுபடும். அது மிக மோசமான கோளாறுகளில் ஒன்று. பின் செருகியதும், லூப்பை இழுக்கப் பயன்படுத்திய கயிற்றைப் பின்னுக்கு அடியில் மெதுவாக உருவுங்கள். வேகமாக உருவினால் உராய்வில் லூப் எரியும்.

இங்கே கடைசிச் சோதனை: பைலட் சூட்டிலிருந்து பிரைடிலை விரலால் தொடர்ந்து வாருங்கள். அது முதலில் பின்னை இழுக்க வேண்டும், அதன்பிறகே பையை. பின் பிரைடிலையே துளைத்துப் போயிருந்தாலோ பிரைடில் எங்காவது சுற்றியிருந்தாலோ எதுவும் திறக்காது. பைலட் சூட்டை மடித்து, பிரைடிலை அதற்குள் ‘எஸ்’ மடிப்பாக அடக்கி, கைப்பிடி மட்டும் வெளியே தெரியும்படி அதன் பையில் செருகுங்கள். வெளியே வளையமாகத் தொங்கும் பிரைடில் வாசலில் மாட்டிக்கொள்ளும்.

ஆரம்பத்தில் முழு வேலைக்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். பழகியவர்களுக்கு 10 முதல் 15 நிமிடம். அந்த வேகத்தைத் துரத்தாதீர்கள், அடுத்த விமானத்தில் ஏற முடியாவிட்டால் அதற்கடுத்தது இருக்கிறது. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், ‘எங்கே விட்டேன்’ என்று ஊகிக்க வேண்டாம். கேனபி தோளில் இருந்தால் லைன் சோதனைக்குத் திரும்புங்கள். பையில் நுழைந்திருந்தால் பிரேக்கையும் பைலட் சூட்டின் ஜன்னலையும் மறுபடி பாருங்கள். கேனபி படுத்திருக்கும்போது ஸ்லைடர் எங்கே என்று சொல்ல முடியவில்லையா, எடுத்துத் தோளில் போட்டு மறுபடி தொடங்குங்கள்.