கலோரி ஆப்பில் கணக்கு எங்கே தப்புகிறது?

கலோரி ஆப் வைத்து எடையைக் குறைக்கப் பார்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "ஆப்ல 1300தான் காட்டுது, அதுக்கு மேல சாப்பிடறதே இல்ல, ஆனா எடை அசைய மாட்டேங்குது." அடுத்ததாகத் தைராய்டு மீது சந்தேகம் விழும். தைராய்டுக் கோளாறு இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பார்த்துக்கொள்வதில் தப்பில்லை. அதோடு ஆப்பில் போட்ட பதிவையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

இதே புலம்பலை 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஓர் ஆய்வு சோதித்தது. எவ்வளவு டயட் இருந்தும் எடை குறையவில்லை என்றவர்களை நியூயார்க்கில் பரிசோதித்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1030 கலோரி சாப்பிடுவதாக அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கணக்கிட்டுப் பார்த்தபோது உள்ளே போனது சுமார் 2080. செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடம்பு கலோரியைச் செலவழிக்கும் விதத்தில் குறை எதுவும் தென்படவில்லை. அன்று நோட்டுப் புத்தகம், இன்று ஃபோன். விட்டுப்போகும் இடங்கள் பெரிதாக மாறவில்லை.

நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பாக்கெட்டில் வரும் சாப்பாட்டுக்கும் தனித்தனித் தட்டில் அளந்து வைக்கும் சாப்பாட்டுக்கும் இந்த ஆப்கள் நன்றாகவே பொருந்தும். நம் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே குண்டானில் சாம்பார், ஒரே குக்கரில் சோறு. தட்டில் விழுந்ததை மட்டும் பார்த்துப் பதிவு போட்டால் கணக்கு தப்பத்தான் செய்யும்.

அரிசியா, சோறா?

100 கிராம் பொன்னி அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி. வெந்து தண்ணீரைக் குடித்த பிறகு அதுவே 270, 300 கிராம் சோறாகிவிடும். ஆகவே 100 கிராம் சோற்றில் 120 முதல் 130 கலோரிதான் இருக்கும். ஆப்பில் 'ரைஸ்' என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். தட்டில் 200 கிராம் சோற்றை நிறுத்துவிட்டு அரிசிக்கான பதிவைத் தட்டினால் 260-க்குப் பதில் 700 ஏறும். பயந்துபோய் ராத்திரி சாப்பாட்டையே விட்டுவிடுவீர்கள். அரிசியை நிறுத்துவிட்டு சோற்றுப் பதிவைப் போட்டால் 350 இருக்க வேண்டிய இடத்தில் 130 நிற்கும். துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, பாஸ்தா என்று வேகவைக்கிற எல்லாவற்றுக்கும் இதே கதிதான். 100 கிராம் கொண்டைக்கடலை காய்ந்ததாக இருந்தால் 360-க்குப் பக்கம், வேகவைத்ததாக இருந்தால் 165-க்குப் பக்கம்.

குக்கரில் போடும் முன்பே நிறுத்துக்கொள்வது சுலபம். நாலு பேருக்கு 400 கிராம் என்றால் மொத்தம் 1400 கலோரி. தண்ணீரைக் கூட வைத்துக் குழைந்தாலும், குறைத்து வைத்து உதிரியாக வந்தாலும் அந்த 1400 மாறாது. வெந்த பிறகு சோறு 1150 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 122. வடிக்கிற சோறாக இருந்தால் கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து போகும்; கஞ்சியை நீங்களே குடிக்காதவரை அது உங்களுக்கு லாபம்தான், கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

'ஒரு கப்' என்ற அளவையும் நம்ப வேண்டாம். ஆப்பின் கப் பெரும்பாலும் அமெரிக்க அளவு, 240 மில்லி. நம் வீட்டுக் கிண்ணம் 150-ஆகவும் இருக்கும், 300-ஆகவும் இருக்கும். கிராம் என்று மாற்றிக்கொள்ள வழி பெரும்பாலான ஆப்களில் இருக்கிறது. பிரீமியம் சந்தாவுக்குக் கொடுக்கும் காசில் ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு வாங்கிவிடலாம்; எடை குறைப்பில் அதைவிட உருப்படியான செலவு எனக்குத் தெரியவில்லை.

எண்ணெய், எண்ணெய், அப்புறம் தேங்காய்

மாவுச்சத்து கிராமுக்கு 4 கலோரி, புரதம் 4, கொழுப்பு 9. எண்ணெய் முழுக்கக் கொழுப்பு என்பதால் ஒரு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 120 கலோரி. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஆலிவ் எண்ணெய், 'ஹார்ட் ஃப்ரெண்ட்லி' என்று ஒட்டியிருப்பது எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். தாளிக்கும்போது பாட்டிலை ஒரு தரம் கூடுதலாகச் சாய்த்தால் ஒன்றரை இட்லியின் கலோரி உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது. கேமராவால் தட்டைப் படம் பிடித்துக் கலோரி சொல்லும் வசதி இதனால்தான் எனக்கு ஒத்துவரவில்லை. கத்தரிக்காய் வதக்கல் உறிஞ்சிய எண்ணெய் எந்தப் படத்தில் தெரியப்போகிறது?

அளக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், சமையல் முடிந்ததும் மறுபடி வையுங்கள். வித்தியாசம்தான் கிராம் கணக்கு. தோசைக்கும் அப்படியே, எண்ணெய்க் கிண்ணத்தைத் தோசை வார்க்கும் முன்னும் பின்னும் நிறுத்து, தோசைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

சமைப்பது நீங்கள் இல்லை, அம்மாவிடமோ மனைவியிடமோ ஒவ்வொரு தாளிப்புக்கும் தராசை நீட்ட முடியாது என்றால் மளிகைச் சிட்டையைப் பாருங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் எண்ணெய் தீர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல். உங்கள் ஆப்பில் ஒரு நாள் முழுவதும் பதிவான எண்ணெய் ஒரு டீஸ்பூன்தான் என்றால், மீதி எங்கே போனது என்று இனி தேட வேண்டாம். பலகாரம் சுட்டு மிஞ்சிய எண்ணெயை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

தேங்காயும் இப்படித்தான் ஏமாற்றும். 100 கிராம் துருவலில் 350 கலோரிக்குக் குறையாது. இட்லி நாலைத் துல்லியமாக எண்ணிப் போட்டுவிட்டு, தொட்டுக்கொண்ட கெட்டிச் சட்னியைச் 'சட்னி, ஒரு ஸ்பூன்' என்று முடிப்பவர்கள்தான் அதிகம்.

அடுத்த வீட்டுச் சாம்பார்

மைஃபிட்னஸ்பால் போன்ற ஆப்களின் பட்டியலில் பெரும் பகுதி பயனர்களே சேர்த்தது. சாம்பார் என்று தேடினால் முகம் தெரியாத யாரோ தன் வீட்டுக் கணக்கைப் போட்டிருப்பார். பெங்களூருவில் தொடங்கிய ஹெல்திஃபைமீயில் நம் உணவுகள் அதிகம் உண்டு. ஆனாலும் உங்கள் வீட்டுச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பது அதற்கும் தெரியாது. கிடைக்கும் பதிவுகளில் குறைந்த எண்ணாகப் பார்த்துத் தட்டுவது மனித இயல்பு.

பெரும்பாலான ஆப்களில் சொந்தமாக ஒரு சமையலைச் சேர்க்க வழி இருக்கும். 200 கிராம் துவரம்பருப்புக்கு 680, காய்கறிக்கு 90, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 240, புளி, வெங்காயம், பொடி எல்லாம் சேர்த்து 40. ஆக மொத்தம் 1050. வெறும் குண்டானின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தால் முடிந்தபின் கழித்துக்கொள்ளலாம். சாம்பார் 2100 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 50 கலோரி. உங்கள் கரண்டி எத்தனை கிராம் பிடிக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் கரண்டிக் கணக்கே போதும். ஒரு வீட்டில் திரும்பத் திரும்பச் சமைக்கும் ஐட்டம் அப்படி ஒன்றும் அதிகம் இருக்காது, ஒரு மாதத்தில் பெரும்பாலானவை பதிவாகிவிடும்.

பொருள்களின் கலோரி சரிதானா என்று பார்க்க ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள்களின் அட்டவணை இருக்கிறது. 528 பொருள்களுக்கு விவரம் உண்டு. அதில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும், 4.184-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்குப் பாக்கெட்டிலேயே இந்தக் குழப்பம் உண்டு. பாக்கெட் விவரம் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணைப் போட வேண்டும்.

பதிவே ஆகாதவை

காபியில் ஆரம்பிப்போம். ஆப்பில் 'காபி' என்றால் முதலில் வருவது பல நேரம் பாலில்லாத கறுப்புக் காபி, 2 கலோரி. நம் டம்ளரில் 120 மில்லி பால் இருக்கும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீல பாக்கெட்டில் 3. ஆரஞ்சில் போட்டால் பாலுக்கு மட்டும் 100-ஐத் தாண்டும், நீலத்தில் 70. இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. ஆரஞ்சுப் பால் காபி மூன்று வேளை குடித்தால் 400-க்கு மேல். காபியை விடச் சொல்லவில்லை, பதிவு போடச் சொல்கிறேன்.

உப்பு பார்க்க வாயில் போட்டது, குழந்தை மிச்சம் வைத்த அரைத் தோசை, டிவி முன்னால் கை நிறைய வேர்க்கடலை (30 கிராமே 170 கலோரி), ஆபீசில் யாரோ நீட்டிய மைசூர்பாகு. இவை ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் நாள் ஒன்றுக்கு 275 கலோரி குறைக்கத் திட்டமிட்டவருக்கு இவையே திட்டம் முழுவதையும் அடித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையும் கல்யாணப் பந்தியும் அப்படித்தான். "அன்னைக்குக் கணக்கு வேண்டாம்" என்று ஆப்பை மூடிவிடுவார்கள். அஞ்சு நாளில் சேர்த்த 1500 கலோரிக் குறைவை ஒரு மதியப் பிரியாணியும் சாயங்கால பஜ்ஜியும் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். துல்லியம் வேண்டாம், தோராயமாக ஒரு பெரிய எண்ணைப் போட்டு வையுங்கள். காலியாக இருக்கும் நாளைச் சில ஆப்கள் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு வாரச் சராசரியை அழகாகக் காட்டும்.

ஆப் கொடுக்கும் இலக்கு

வாரத்துக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று ஆப் கேட்கும். கை தானாக 1 கிலோவுக்குப் போகும். 35 வயது, 155 செ.மீ. உயரம், 68 கிலோ எடை உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது, உயரம், எடையை வைத்துக் கலோரித் தேவையைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் மிஃப்லின் சமன்பாட்டின்படி சும்மா படுத்திருந்தாலே அவருக்கு 1310 கலோரி வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்றால் மொத்தச் செலவு 1575. வாரம் 1 கிலோ குறையத் தினமும் 1100 கழிக்க வேண்டும், மிஞ்சுவது 475. அதில் யாரும் வாழ முடியாது. அரைக் கிலோ என்றாலும் 1025 வரும். பல ஆப்கள் பெண்களுக்கு 1200-க்குக் கீழே போகவிடாது என்பதால் திரையில் 1200 நிற்கும். இலக்கு எடையை எட்டுவதாக ஆப் சொல்லும் தேதி மட்டும் பொய்யாகும். இவருக்கு வாரம் கால் கிலோ, 1300 கலோரி என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வாரம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்பதெல்லாம் இன்னும் பெரிய உடம்புக்கு வசதியான வேகம். நம் ஊர்ப் பெண்கள் பலர் மூன்றாம் வாரத்திலேயே பசியில் விட்டுவிடுவதற்கு மன உறுதி இல்லாததைக் காரணம் சொல்வது அநியாயம்.

உழைப்பைக் கேட்கும் இடத்தில் 'லைட்லி ஆக்டிவ்' (லேசான உழைப்பு) என்று போட்டால் அதே பெண்ணுக்கு 230 கலோரி கூடிவிடும். அதோடு கைக்கடிகாரத்தையும் இணைத்து, நடந்த கலோரியைச் சாப்பிட்டால் ஒரே நடை இரண்டு தரம் கணக்கில் ஏறுகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2017-இல் கையில் கட்டும் இப்படிப்பட்ட ஏழு சாதனங்களைச் சோதித்தபோது இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் சிறந்ததே சராசரியாக 27 சதவீதம் தப்பியது, மோசமானது 93 சதவீதம். 'உட்கார்ந்த வேலை' என்றே வைத்துவிட்டு, உடற்பயிற்சிக் கலோரியைச் சாப்பாட்டில் சேர்க்காமல் விடுவதே நல்லது. ஓட்டப் பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு இது பொருந்தாது.

அப்புறம், எடை இயந்திரம். முந்தின நாள் ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டிருந்தால் காலையில் ஒரு கிலோ கூடித் தெரியலாம். அது உப்பு பிடித்து வைத்த தண்ணீர். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களிலும் அப்படியே. தினம் பார்ப்பதாக இருந்தால் ஏழு நாள் சராசரியை எடுத்து, போன வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மூன்று, நாலு வாரமாகச் சராசரி நகரவில்லை என்றால், விட்டுப்போனவற்றையும் தேடிச் சேர்த்தாகிவிட்டது என்றால், இலக்கில் 100 குறைத்துப் பார்க்கலாம். ஆப்பின் குறைந்தபட்ச எண்ணிலேயே இருப்பவர்கள் அதற்கும் கீழே போகாமல் நடையைக் கூட்டுவது நல்லது. நாலைந்து கிலோ குறைந்ததும் புது எடையைப் போட்டு இலக்கைத் திருத்தவும் மறக்க வேண்டாம், சின்ன உடம்புக்குச் செலவும் குறைவு.

1300-ஐ எட்டிவிட்டால் போதும் என்று ரஸ்க்கும் டீயுமாக நாளை ஓட்டுவது இன்னொரு தவறு. அதே ஆப்பில் புரதம் என்று ஒரு வரி இருக்கும். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. எடை குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க அதைவிடச் சற்றுக் கூடவே வேண்டும். முட்டை, மீன், சுண்டல், பருப்பு, தயிர் தட்டில் இருந்தால் பசியும் அடங்கும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள் இந்த ஆப்களை வைத்துத் தாங்களாக உணவைக் குறைக்கக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் திடீரென்று சோற்றைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம், முதலில் டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எண் இலக்கைத் தாண்டியதும் குற்ற உணர்வு வருகிறது, அடுத்த வேளையைப் பட்டினி போடத் தோன்றுகிறது, ஆளுக்கு முன்னால் சாப்பிடவே கூச்சமாக இருக்கிறது என்றால் ஆப்பை அழித்துவிட்டு ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பது நல்லது.