பெங்களூரில் இருந்துகொண்டு தாய்லாந்து கால்பந்து லீக்கைப் பார்ப்பது எப்படி?

அல்சூர் பக்கம் நம்ம ஆட்கள் ஐரோப்பிய மேட்ச்சுக்காக ராத்திரி முழுக்கக் கண்விழிக்கிறார்கள். தாய்லாந்து லீக்கில் அந்தத் தொல்லையே இல்லை, அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னால், அதாவது அங்கே இரவு 7 மணி ஆட்டம் இங்கே மாலை 5.30, டீயோடு உட்கார்ந்துவிடலாம்.

16 அணிகள், ஆளுக்கு 30 ஆட்டம், ஆகஸ்ட் வாக்கில் தொடங்கி மே வரை போகும். கடைசி மூன்று அணிகள் இரண்டாம் நிலை லீக்குக்குக் கீழே இறங்கும்.

சரி, எந்த அணி? புரிராம் யுனைடெட் 2021-22 முதல் 2024-25 வரை வரிசையாக நான்கு பட்டம் வாங்கியது. முதல் சீசனில் அதை விட்டுவிட்டு, பாங்காக் குளோங் தோய் பகுதியின் போர்ட் எஃப்சியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.

புள்ளிப்பட்டியலைப் படிக்கும்போதுதான் கவனம் வேண்டும். புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசத்தை (அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) முதலில் பார்க்க மாட்டார்கள், அந்த இரு அணிகளும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் பார்ப்பார்கள். 2019-ல் சியாங்ராய், புரிராம் இரண்டும் 58 புள்ளியில் நிற்க, கோப்பை சியாங்ராய்க்குப் போனது இப்படித்தான். அதனால் மேலே உள்ள நாலைந்து அணிகள் மோதும் ஆட்டங்களின் ஸ்கோரை மட்டுமாவது தனியாகக் குறித்து வையுங்கள், ஏப்ரலில் தேவைப்படும்.