மாருதி 800-க்கு கிளட்ச் பிளேட் மாற்றுவது: கியர்பாக்ஸ் திரும்ப உட்காரும் இடம்தான் முக்கியம்

மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி இழுக்கவில்லை. இது கிளட்ச் ஸ்லிப். அதற்காக உடனே பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். 800-இல் கிளட்ச் கேபிளில் ஓடுகிறது. கேபிள் இறுக்கமாக இருந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். கியர்பாக்ஸ் மேல் இருக்கும் ரிலீஸ் லீவரைக் கையால் ஆட்டிப் பாருங்கள். நுனியில் 2 முதல் 4 மி.மீ. ப்ளே (வெறுமனே ஆடும் தளர்வு) இருக்க வேண்டும். அது இருந்தும் வழுக்கினால்தான் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே வாங்குங்கள். பேரிங் இன்னும் நன்றாக இருக்கிறதே என்று பழையதைப் போடாதீர்கள். அது போனால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கியர் ஆயிலை வடித்துவிட்டு ஆக்சில், ஸ்டார்ட்டர், கேபிள்கள், கியர் ராடு, மவுண்டிங் என்று வரிசையாகக் கழற்றுங்கள். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்த பிறகே கியர்பாக்ஸை இறக்குங்கள்.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் பிடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீலையோ கியர்பாக்ஸ் ஆயில் சீலையோ மாற்றாமல் மூடாதீர்கள். புதுப் பிளேட்டும் ஆயிலில் ஊறிவிடும். பிளேட் ஒட்டி நிற்கும் இன்ஜின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலில் நீலத் திட்டுகளோ விரல் நகம் தட்டும் கோடுகளோ இருந்தால் லேத்தில் கொடுத்து முகத்தைச் சரிசெய்யுங்கள்.

புதுப் பிளேட்டில் ஸ்பிரிங் துருத்தி நிற்கும் பக்கம் பிரஷர் பிளேட்டைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கிளட்ச் விடுபடாது. நடுவில் நிறுத்த ஒரு அலைன்மென்ட் டூல் வேண்டும். பிளாஸ்டிக் டூலை விட எனக்குப் பிடித்தது பழைய இன்புட் ஷாஃப்ட்தான் (கியர்பாக்ஸிலிருந்து நீண்டு பிளேட்டின் நடுவில் நுழையும் தண்டு). சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் தேடிப் பார்க்கலாம். பிளேட்டின் நடுத்துளையில் இருக்கும் பல் வரிசையான ஸ்ப்ளைனில் அச்சு அசலாக உட்காரும், ஆடாது. போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, கடைசியில் டார்க் ரெஞ்சு போடுங்கள். ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும். அதிகமானால் சுழற்சியில் சிதறி லைனிங்கில் படும்.

இனி கியர்பாக்ஸை ஏற்ற வேண்டும். ஏறக்குறைய எல்லாம் உள்ளே போய், ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிடும். போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். செய்யவே செய்யாதீர்கள். அலுமினிய ஹவுசிங் காது உடையும், பிளேட்டின் நடுப்பகுதி வளையும். கியர்பாக்ஸ் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவும் விடாதீர்கள். ஜாக்கி தாங்கியபடியே இருக்கட்டும்.

முதலில் மேலும் கீழும் இடைவெளியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாக இருந்தால் கியர்பாக்ஸ் சாய்ந்திருக்கிறது. ஜாக்கியைச் சிறிது ஏற்றி இறக்கிச் சமமாக்குங்கள். சமமாக இருந்தும் போகவில்லையா? ஸ்ப்ளைனின் பல் பல்லோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. கியரைப் போட்டு வையுங்கள், இன்புட் ஷாஃப்ட் சும்மா சுற்றாது. பிறகு ஒருவர் கியர்பாக்ஸை மெதுவாகத் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கொஞ்சம் சுற்றட்டும். பல் பொருந்தியதும் கியர்பாக்ஸ் தானாகவே நழுவி உட்காரும். முகம் முகத்தோடு ஒட்டிய பிறகே போல்ட் முடுக்க வேண்டும்.

கழற்றிய மற்றவற்றையும் மாட்டி, புது கியர் ஆயிலை ஊற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் சரியாக மாட்டியும் ரிவர்ஸ் கரகரவென்று விழுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பிளேட் தேயத் தேய லீவர் ப்ளே குறைந்துகொண்டே வரும். அதற்கேற்பத் தளர்த்திய கேபிள், தடிமனான புதுப் பிளேட்டுக்கு லூசாகிவிடும். கியர்பாக்ஸை மறுபடி இறக்குவதற்கு முன் அட்ஜஸ்டிங் நட்டை முடுக்கி, அதே 2 முதல் 4 மி.மீ.க்குக் கொண்டுவந்து பாருங்கள்.