24 கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து மென்பொருள்: குரூப் பாலிசி செய்முறை, புதியவர்களுக்காக

வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக ஒரு தனியார் கல்வி நிலையம். இரண்டாம் மாடியில் 24 கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் சேர்ந்த புதிதில், புதிய மென்பொருள் ஒன்று போட வேண்டுமென்றால் பென் டிரைவும் கையுமாக முதல் மேசையிலிருந்து தொடங்குவேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், பினிஷ். ஒரு கணினிக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் 24 கணினிக்கு நான்கு மணித்தியாலம். அதற்குள் பின்னேர வகுப்புப் பிள்ளைகள் வந்து வாசலில் நிற்பார்கள். எப்படியும் இரண்டு கணினி விடுபட்டுப் போயிருக்கும், ஒன்றில் பழைய பதிப்பே இருக்கும். ஒரு கணினியில் இருந்த வைரஸ் பென் டிரைவோடு சேர்ந்து அடுத்த மேசைக்கும் போகும்.

இந்த அலைச்சல் தேவையில்லை. எந்த மென்பொருள் எந்தக் கணினிகளில் இருக்க வேண்டும் என்று சேர்வரில் ஒருமுறை எழுதி வைத்தால், கணினிகள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இதற்கு வழி இருக்கிறது: குரூப் பாலிசி. டொமைன், அதாவது ஒரு சேர்வரின் கீழ் பதிந்து நிர்வகிக்கும் கணினிக் கூட்டம், வைத்திருக்கும் இடங்களில் இதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. இலவச ஒபிஸ் மென்பொருளான லிப்ரே ஒபிஸை உதாரணமாக வைத்து முழுவதையும் செய்து காட்டுகிறேன். மெனுப் பெயர்களைத் திரையில் உள்ள ஒலியிலேயே எழுதியிருக்கிறேன், தேடுவதற்குச் சுகமாக இருக்கும்.

தொடங்குமுன் இரண்டு விடயம்

டொமைனின் கணினிகளையும் கணக்குகளையும் பதிந்து வைத்திருக்கும் அக்டிவ் டிரெக்டரி ஓடும் ஒரு விண்டோஸ் சேர்வர் வேண்டும். சேர்வர் உரிமத்துக்குப் பணம் இல்லாத சிறிய நிறுவனமென்றால் லினக்ஸில் சம்பா என்ற இலவச மென்பொருளைப் போடலாம். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அது டொமைன் கன்ட்ரோலராகவே, அதாவது டொமைனை நடத்தும் சேர்வராகவே, வேலை செய்கிறது.

மற்றக் கணினிகளில் விண்டோஸ் புரோ, என்டர்பிரைஸ், எடியுகேஷன் ஆகியவற்றில் ஒன்று இருக்க வேண்டும். ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது. பம்பலப்பிட்டிப் பக்கம் கணினி வாங்கப் போகும்போதே "புரோவா, ஹோமா" என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். பிறகு மாற்றுவது வீண் செலவு.

படி 1: டிஎன்எஸ்ஸைச் சரிசெய்யுங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். டிஎன்எஸ் என்பது பெயரைக் கொடுத்தால் அதற்குரிய ஐபி முகவரியைச் சொல்லும் சேவை. ஒவ்வொரு கணினியின் டிஎன்எஸ் முகவரியும் உங்கள் டொமைன் கன்ட்ரோலரின் ஐபி முகவரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இணைய ரவுட்டரே ஐபி முகவரிகளையும் பங்கிட்டுக் கொடுக்கும். அது தன்னையே டிஎன்எஸ் என்று சொல்லிக் கொடுத்துவிடும். ரவுட்டருக்கு உங்கள் டொமைன் என்னவென்றே தெரியாது. யூடியூப் ஓடும், மின்னஞ்சல் வரும், ஆனால் டொமைன் மட்டும் கிடைக்காது. ஆகவே ரவுட்டரில் முகவரி பங்கிடும் வசதியான டிஎச்சிபியை நிறுத்திவிட்டு அந்த வேலையைச் சேர்வருக்குக் கொடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று ரவுட்டரை இரண்டாவது டிஎன்எஸ்ஸாகப் போடவும் வேண்டாம். இது சரியான பிறகு கணினிகளை டொமைனில் சேர்த்துவிடுங்கள்.

படி 2: சரியான கோப்பை எடுங்கள்

இந்த முறைக்கு எம்எஸ்ஐ (.msi) வகை நிறுவல் கோப்பு வேண்டும். எக்ஸி (.exe) கோப்பு சரிவராது. லிப்ரே ஒபிஸ் விண்டோஸுக்கு எம்எஸ்ஐயாகவே கிடைக்கிறது. பயர்பொக்ஸ், விஎல்சி, செவன் சிப் ஆகியவற்றுக்கும் எம்எஸ்ஐ உண்டு. குரோமுக்கு என்டர்பிரைஸ் என்று தனிப் பதிவிறக்கப் பக்கம் இருக்கிறது. மைக்ரோசொப்ட் ஒபிஸின் இன்றைய பதிப்புகள் இந்த வழியில் போகாது, அதற்கு வேறு கருவி.

உயர்தர ஐசிடி பிள்ளைகளுக்குப் பைதன் வேண்டுமே என்று கேட்பீர்கள். பைதனின் வழமையான நிறுவி எக்ஸிதான். அதைக் கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் மூலம், கேள்வி கேட்காத குவயட் முறையில் போட வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் முதலில் பார்க்கட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் காலையில் நிறுவி மறுபடி ஓடும்.

படி 3: பகிரும் கோப்புறை

சேர்வரின் டி டிரைவில் ஒரு கோப்புறை திறந்து வலையமைப்பில் பகிருங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். உள்ளே மென்பொருளுக்கு ஒரு கோப்புறை, அதற்குள்ளே பதிப்புக்கு ஒரு கோப்புறை.

இனி அனுமதி. இந்தக் கோப்பைத் திறக்கப் போவது எந்த ஆசிரியரும் மாணவரும் அல்ல. யாரும் உள்நுழைவதற்கு முன்பே, கணினி தன் சொந்தப் பெயரில் சேர்வரிடம் வந்து கேட்கிறது. டொமைனில் கணினிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எனவே ஷெயார் அனுமதி, செக்யூரிட்டி அனுமதி இரண்டிலும் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் என்ற குழுவுக்கு ரீட் உரிமை கொடுங்கள். யூசர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, "நான் திறந்தால் திறக்கிறதே, கணினிக்கு ஏன் முடியவில்லை" என்று நான் ஒரு முழுப் பின்னேரத்தைச் செலவழித்திருக்கிறேன்.

எழுதும் உரிமையை உங்களைத் தவிர யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தக் கோப்பை ஒருவர் மாற்றி வைத்தால், அவர் வைத்தது எதுவோ அது எல்லாக் கணினிக்கும் முழு அதிகாரத்தோடு போய்ச் சேரும்.

படி 4: சோதனைக்கு ஒரு ஓயூ

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

அக்டிவ் டிரெக்டரி யூசர்ஸ் அன்ட் கம்ப்யூட்டர்ஸ் திரையைத் திறந்தால், டொமைனில் சேர்ந்த கணினிகள் எல்லாம் கம்ப்யூட்டர்ஸ் என்ற பெட்டிக்குள் கிடக்கும். அதனோடு பாலிசியை இணைக்க முடியாது, அது ஓயூ அல்ல. ஆகவே டொமைன் பெயரில் வலது கிளிக் செய்து ஓகனைசேஷனல் யூனிட், அதாவது பாலிசி இணைக்கக்கூடிய பெட்டியான ஓயூ ஒன்றை உருவாக்குங்கள். பெயர் லேப் என்று இருக்கட்டும். அதற்குள்ளே டெஸ்ட் என்று இன்னொன்று. 23 கணினியை லேப்புக்கும், ஒரேயொரு கணினியை டெஸ்டுக்கும் நகர்த்துங்கள். அந்த ஒன்று, உங்களிடம் உள்ளவற்றில் பழையதாக, மெதுவானதாக இருந்தால் நல்லது. அதில் ஓடினால் மற்றவற்றிலும் ஓடும்.

ஒரே சொல்லில் 24 கணினிக்கும் மென்பொருள் போகிற வசதி, ஒரே பிழையையும் 24 கணினிக்கும் கொண்டுபோகும். பென் டிரைவோடு நடந்த காலத்தில் பிழை மூன்றாவது மேசையிலேயே கண்ணில் பட்டுவிடும். இங்கே அப்படி இல்லை.

படி 5: பாலிசியை எழுதுதல்

சேர்வர் மேனேஜரில் டூல்ஸ், பிறகு குரூப் பாலிசி மேனேஜ்மென்ட். டெஸ்ட் ஓயூவில் வலது கிளிக் செய்து "கிரியேட் எ ஜிபிஓ இன் திஸ் டொமைன், அன்ட் லிங்க் இட் ஹியர்" என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இப்படி உருவாகும் பாலிசித் தொகுப்புத்தான் ஜிபிஓ. அதற்கு மென்பொருள் பெயரையே வையுங்கள். ஒரு ஜிபிஓவில் ஒரு மென்பொருள் என்று வைத்தால் பின்னால் தலைவலி குறையும்.

அதை எடிட் செய்து, கம்ப்யூட்டர் கொன்பிகரேஷன், பொலிசீஸ், சொப்ட்வெயார் செட்டிங்ஸ், சொப்ட்வெயார் இன்ஸ்டலேஷன் என்று உள்ளே போங்கள். வலது கிளிக், நியூ, பெக்கேஜ்.

இப்போது கோப்பைக் கேட்கும். டி டிரைவ் வழியாகப் போய்க் கிளிக் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கணினியும் தன்னுடைய டி டிரைவில் போய்த் தேடும். வலையமைப்பு முகவரியை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும், நீங்கள் வைத்த ஆங்கிலப் பெயர்களைப் போட்டு, இந்த அமைப்பில்:

\\சேர்வர்\மென்பொருள்\லிப்ரே\பதிப்பு\கோப்பு

முன்னால் இரண்டு பேக்ஸ்லாஷ், அதுதான் அடையாளம். அடுத்து வரும் கேள்விக்கு அசைன்ட் என்று கொடுங்கள். பப்ளிஷ்ட் மங்கலாகத் தெரியும், அது யூசர்களுக்கு மட்டும் உரியது.

இதே ஜிபிஓவில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லொகொன் என்ற இடத்தில் "ஓல்வேஸ் வெயிட் ஃபோர் த நெட்வேர்க்" என்று தொடங்கும் அமைப்பு இருக்கும். அதை எனேபிள் செய்யுங்கள். இன்றைய விண்டோஸ் அவசரக்காரன், வலையமைப்பு வருமுன்பே உள்நுழைவுத் திரையைக் காட்டிவிடும். மென்பொருள் போடும் வேலையோ வலையமைப்பு வந்த பிறகுதான் நடக்க முடியும்.

படி 6: சோதனைக் கணினிக்குப் போங்கள்

அங்கே கட்டளைத் திரையைத் திறந்து ஜிபிஅப்டேட் கட்டளையை ஃபோர்ஸ் என்ற சேர்க்கையோடு கொடுங்கள். மறுதொடக்கம் செய்யவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் ரீஸ்டார்ட் கொடுங்கள். கவனியுங்கள்: ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. ரீஸ்டார்ட்தான் உண்மையான புதுத் தொடக்கம்.

சாதாரண பாலிசிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக, பின்னணியில் புதுப்பிக்கப்படும். மென்பொருள் நிறுவல் அப்படி அல்ல, கணினி தொடங்கும் நேரத்தில் மட்டும்தான் நடக்கும். அதனால் தொடக்கத்தில் வழமையைவிட நேரம் எடுக்கும். "ஹேங் ஆகிவிட்டது" என்று யாரும் பவர் பொத்தானை அமுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உள்நுழைந்து பாருங்கள், ஸ்டார்ட் மெனுவில் லிப்ரே ஒபிஸ் இருக்க வேண்டும்.

வரவில்லையா?

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 1274 என்ற எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அடுத்த தொடக்கத்தில் செய்கிறேன் என்றுதான் கணினி சொல்கிறது. இன்னொருமுறை ரீஸ்டார்ட் கொடுங்கள். 1612 என்றால் மூலக் கோப்பு கிடைக்கவில்லை. படி 3இன் அனுமதியையும் படி 5இன் முகவரியையும் மறுபடி பாருங்கள். பாலிசி கணினிக்கு வந்ததா என்றே சந்தேகமென்றால், கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ஜிபிரிசல்ட் கட்டளையை ஆர் என்ற சேர்க்கையோடு (gpresult /r) கொடுத்தால் பட்டியல் வரும்.

எங்கள் மூலைக் கணினி ஒன்று வாரக்கணக்கில் என்னைச் சுற்ற வைத்தது. அமைப்புகள் எல்லாம் சரி, ஆனால் சேர்வர் அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் பார்த்தால் நேரம் பிழை. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பற்றரி செத்துப்போய், மெயின் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். கணினிக்கும் சேர்வருக்கும் இடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டொமைன் அந்தக் கணினியை நம்பாது. பற்றரியை மாற்றினேன், அன்றைக்கே மென்பொருள் வந்தது. நேர வலயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் நம் நாட்டுக்கான பெயர் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர. சென்னை என்று இருந்தாலும் பரவாயில்லை, இரண்டுமே 5.30தான். ஆனால் வலயத்தை வேறெங்கோ விட்டுவிட்டு, மணியை மட்டும் கையால் திருத்தி வைத்திருந்தால் சிக்கல்தான்.

படி 7: மற்ற 23க்கும்

இரண்டு மூன்று நாள் டெஸ்ட் கணினியில் பிள்ளைகளை வேலை செய்ய விட்டுப் பாருங்கள். சரியென்றால் அதே ஜிபிஓவை லேப் ஓயூவோடு இணையுங்கள். புதிதாக எழுத வேண்டியதில்லை, "லிங்க் என் எக்ஸிஸ்டிங் ஜிபிஓ" போதும்.

இணைக்குமுன் ஒரு சின்னக் கணக்கு. கோப்பு 350 எம்பி என்று வையுங்கள். 23 கணினி என்றால் கிட்டத்தட்ட 8 ஜிபி. உங்கள் சுவிட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் வகையென்றால், கோப்பு போய்ச் சேரவே குறைந்தது பதினொரு நிமிடம். நிறுவும் நேரம் அதற்கு மேல். வகுப்பு தொடங்கும் காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பிள்ளைகள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கடைசி வகுப்பு முடிந்த பிறகு ஐந்து ஐந்தாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

புதிய பதிப்பு வந்தால், எடுக்க வேண்டுமென்றால்

பழைய கோப்பின்மேல் புதியதை எழுதாதீர்கள். திருத்தவோ நீக்கவோ பழைய கோப்பு தேவைப்படும். புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் வைத்து, இரண்டாவது பெக்கேஜாகச் சேர்த்து, அதன் பிரொப்பர்ட்டீஸில் அப்கிரேட்ஸ் பகுதியில் பழையதைக் காட்டுங்கள். இதுவும் முதலில் டெஸ்டுக்குத்தான், ஆகவே வேறொரு ஜிபிஓவில்.

அதே பிரொப்பர்ட்டீஸில் டிப்ளோய்மென்ட் பகுதியில் "அன்இன்ஸ்டால் திஸ் அப்ளிகேஷன்" என்று தொடங்கும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. அதில் அடையாளம் இட்டால், கணினி அந்தப் பாலிசியின் எல்லையை விட்டு வெளியேறும்போது மென்பொருளும் நீங்கிவிடும். நான் அடையாளம் இட்டிருந்தேன். ஒரு நாள் ஓயூக்களை ஒழுங்குபடுத்துகிறேன் என்று ஆறு கணினிகளை வேறிடத்துக்கு நகர்த்தினேன். மறுநாள் காலை மாதிரிப் பரீட்சை. "தம்பி, இந்த வரிசையில ஒண்டிலயும் ரைட்டர் இல்லையே!" என்று, லிப்ரே ஒபிஸின் எழுத்துச் செயலியைத் தேடி, மிஸ் வாசலில் நின்று கூப்பிட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளைகள் அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள்.

ஒரு மென்பொருளை வேண்டுமென்றே நீக்க, பெக்கேஜில் வலது கிளிக், ஓல் டாஸ்க்ஸ், ரிமூவ். இரண்டு தெரிவு வரும். முதலாவது, அடுத்த தொடக்கத்தில் எல்லாக் கணினியிலிருந்தும் எடுத்துவிடும். இரண்டாவது, இருப்பதை இருக்கவிட்டு இனிமேல் போடுவதை மட்டும் நிறுத்தும். முதலாவதைத் தெரிவுசெய்தால், எல்லாக் கணினியும் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் ஆகும்வரை அந்த ஜிபிஓவை அழிக்காமல் வைத்திருங்கள். நீக்கச் சொல்லும் செய்தி அதற்குள்தான் இருக்கிறது.