சொந்த நாவலும் அடுத்தவர் பிரதியும்: ஒரே மேசையில் இரண்டு வேலை பார்ப்பது எப்படி

நாவல் எழுதிக்கொண்டே, பிழைப்புக்காகப் பிறர் பிரதிகளைத் திருத்திக் கொடுப்பவர்கள் தமிழில் இன்று நிறையப் பேர். இந்த ஏற்பாட்டில் முதலில் அடிபடுவது சொந்த நாவல்தான். அடுத்தவர் பிரதிக்குக் கெடு உண்டு, போன் வரும், பணம் வரும். நம் நாவல் எங்கே என்று கேட்டு யாரும் போன் செய்வதில்லை. அதனால் நாளை வகுக்கும்போது நாவலுக்கான நேரத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்ச நேரத்தைத்தான் விற்க வேண்டும்.

காலை: நாவல்

எடிட்டிங் முடித்த கையோடு நாவல் எழுத உட்கார்ந்தால் ஓடாது. காலை முழுக்கப் பிழை தேடிய கண், நாம் எழுதும் முதல் வரியிலேயே ஒற்று சரியா என்று பார்க்கத் தொடங்கிவிடும். பாத்திரம் பேச வாயெடுக்கும் முன்பே வாக்கியத்தை அடித்துத் திருத்துவோம். ஆகவே வரிசை முக்கியம்: விடியற்காலை நாவல், பத்து மணிக்கு மேல் பிரதி. மின்னஞ்சலும் வாட்ஸப்பும் நாவல் வேலை முடியும்வரை திறக்கப்படக் கூடாது. "அந்த மூன்றாம் அத்தியாயம் பார்த்தாச்சா சார்?" என்ற ஒரு செய்தி போதும், அன்றைய காட்சி கலைந்துவிடும்.

நாளுக்கு 500 சொல் போதும். வாரம் 5 நாள் என்றால் 2,500; 60,000 சொல் நாவலின் முதல் வரைவு 24 வாரத்தில் கையில் இருக்கும். ஆங்கில எழுத்தாளர்கள் சொல்லும் 1,000, 2,000 கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் மொழி நம்முடையது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காக' என்பது ஒரே சொல்லாக எண்ணப்படும்.

எழுத உட்கார்ந்ததும் நேற்று எழுதியதில் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். முழு அத்தியாயத்தையும் படித்தால் காலை முழுக்கத் திருத்தத்திலேயே போகும். மென்பொருளின் சிவப்புக் கோட்டை அணைத்துவிடுங்கள். பேருந்தின் வழித்தடம், ஒரு செடியின் பெயர், கல்யாண மாதம் போன்ற தெரியாத விவரம் குறுக்கே வந்தால் அந்த இடத்தில் ## என்று போட்டுவிட்டு மேலே போங்கள். பிறகு ## என்று தேடினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நிறுத்தும்போது காட்சியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கிறது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். மறுநாள் தொடங்கும் சிரமம் பாதியாகக் குறையும்.

விசைப்பலகை பற்றியும் சொல்லியாக வேண்டும். நீண்ட நாவலை ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சுபவர்கள் ந, ன, ண மூன்றையும் அடிக்கடி மாற்றி அடிப்பார்கள்; ஆங்கில எழுத்து வழியாகத் தமிழை யோசிப்பதன் விளைவு அது. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையைக் கற்றுக்கொள்ள ஓரிரு வாரம் போகும். ஆனால் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ந-த, ம-ப போன்ற இணைகளிலும் அப்படியே. ஆயிரக்கணக்கான தட்டல்கள் மிச்சம். மணிக்கட்டு வலிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

ஆண்டு முழுக்க ஒரே வேகம் எதிர்பார்க்காதீர்கள். சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வருவதால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிரதிகள் வந்து குவியும். எல்லாருக்கும் டிசம்பர் நடுவில் அச்சுக்குப் போக வேண்டும். அந்த மூன்று மாதம் நாவலுக்கு நாளுக்கு 200 சொல் என்று இறக்கிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம்; மூன்று மாதம் விட்ட நாவலுக்குள் மறுபடி நுழைய இன்னொரு மாதம் பிடிக்கும். பெரிய பகுதிகளைப் பிப்ரவரி முதல் ஜூன் வரை வைத்துக்கொள்வது நல்லது.

பிரதியை ஏற்கும் முன்

"புரூஃப் மட்டும் பாத்துக் குடுங்க" என்று வரும் பிரதிகளில் பாதிக்கு முழுச் செம்மையாக்கம் தேவைப்படும். கேட்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அதைத் தெளிவாக்குவது நம் பொறுப்பு. மூன்று நிலைகளையும் எழுத்தில் பிரித்துச் சொல்லுங்கள்: கதைக் கட்டமைப்பு பற்றிய கருத்துரை, வரிவரியாக நடைச் செம்மை, பிழை மட்டும் பார்க்கும் மெய்ப்பு. எது வேண்டும், எத்தனை முறை வாசிப்பு, பதில் தர அவருக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும்.

எதையும் ஏற்கும் முன் பிரதியின் நடுவிலிருந்து 1,500 சொல் எடுத்துத் திருத்திப் பாருங்கள். தொடக்க அத்தியாயம் வேண்டாம். அதை எல்லாரும் பலமுறை தேய்த்து வைத்திருப்பார்கள். உண்மையான நடை நடுப்பகுதியில்தான் தெரியும். எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொண்டால் கணக்கு தானாக வரும். மணிக்கு 1,200 சொல் நகர்கிறது என்றால் 60,000 சொல்லுக்கு 50 மணி. இரண்டாம் வாசிப்பு மணிக்கு 3,000 சொல் வீதம் 20 மணி. மொத்தம் 70. கூர்மையாகத் திருத்த ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் முடியும். அதற்கு மேல் கண் வரியைத் தாண்டிப் போகும். வாரம் 18 மணி என்றால் நான்கு வாரம். ஆசிரியர் பதில் தர ஒரு வாரம் சேர்த்து ஐந்து வாரம் என்று சொல்லுங்கள். மூன்று வாரத்தில் வேண்டும் என்று கேட்டால், இரண்டாம் வாசிப்பு இருக்காது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ஒரு பிரதியைக் கட்டாயம் மறுக்க வேண்டிய சமயம் உண்டு. நீங்கள் நெசவாளர் வாழ்வை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் நெசவாளர் நாவல் திருத்த வந்தால், காரணத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். அவர் கண்டெடுத்த ஒரு விவரம் உங்களை அறியாமல் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எது யாருடையது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

திருத்தும் மேசை

கோப்பு வந்ததும் மூலத்தைத் தனியாக வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள். 'மாற்றங்களைக் காட்டு' வசதி முதல் நொடியிலிருந்து இயங்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்திருந்தால் யூனிகோடுக்கு (எல்லாக் கணினியிலும் இயங்கும் பொதுக் குறியேற்றம்) மாற்றிய பிறகுதான் தொடங்க வேண்டும். மாற்றிய கோப்பில் மேற்கோள் குறி, ஸ்ரீ, க்ஷ, ஔகார எழுத்துகள் ஆகியவற்றைத் தனியே பாருங்கள்.

ஔகாரத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறோம் என்றால், 'கௌரவம்' என்ற சொல்லைப் பலர் 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரவம்' என்று அடிக்கிறார்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. மின்னூலில் வாசகர் தேடினாலும் அதே கதி. சரி, எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மாற்றிவிடலாமே என்று 'ெ', 'ள' இணையை மொத்தமாக மாற்றினால் வெள்ளம், தெளிவு, வெளியூர், கெளுத்தி மீன் எல்லாம் நாசமாகும். கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, ஔவை என்று சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்.

பாத்திரத்தின் பெயரை மாற்றுவதிலும் இதே ஆபத்து. ஆசிரியர் பாதியில் முருகனை வேலு ஆக்க முடிவு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'முருகன்' என்று தேடினால் முருகனை, முருகனுக்கு, முருகனோடு எதுவும் சிக்காது. புள்ளி போய் உயிர்மெய் ஆகிவிட்டது அல்லவா. 'முருக' என்று தேடி, ஒவ்வொன்றாக வேலுவை, வேலுவுக்கு, வேலுவோடு என்று கையால் மாற்றுங்கள். முருகப்பெருமான் கோயிலும் அதே தேடலில் வந்து நிற்கும் என்பதால் 'அனைத்தையும் மாற்று' பொத்தான் பக்கமே போகக் கூடாது.

முதல் பத்துப் பக்கத்திலேயே ஒரு சொற்பட்டியல் தொடங்குங்கள். கோயிலா கோவிலா, கறுப்பா கருப்பா, கட்டடமா கட்டிடமா, பஸ்ஸா பேருந்தா என்று ஆசிரியர் அதிகம் பயன்படுத்தும் வடிவத்தைக் குறித்து, அதையே முழுக்கக் கொண்டுபோங்கள். இவை விருப்பத்துக்குரியவை. 'சுவற்றில்' விருப்பத்துக்குரியது அல்ல. சுவர் என்பதால் 'சுவரில்'தான். கிணறு, வயிறு போல 'று' என்று முடிந்தால்தான் கிணற்றில், வயிற்றில் என்று வரும். ஐயம் வந்தால் க்ரியா அகராதியைப் புரட்டுங்கள்.

ஒற்றுக்குப் பெரிய இலக்கணப் பட்டியல் மனப்பாடம் தேவையில்லை. நாவலில் வரும் பிழைகளில் பெரும்பகுதி சில இடங்களில்தான் விழுகிறது: ஐ, கு உருபுகளுக்குப் பின் மிகும் (அவளைப் பார்த்தான், ஊருக்குப் போனான்), அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பின் மிகும், 'என்று' வந்தால் மிகாது (என்று கேட்டாள்). 'எடுத்துக் கொடுத்தான்' மிகும், 'வந்து கொடுத்தான்' மிகாது, ஏனென்றால் முன்னதில் 'த்து' என்ற வல்லொற்றுத் தொடர் இருக்கிறது. வாணி, நாவி போன்ற இணையப் பிழைதிருத்திகளை முதல் சல்லடையாக வைத்துக்கொள்ளலாம். அவை சொல்வதை அப்படியே ஏற்றால் உரையாடல் முழுவதும் பாடநூல் ஆகிவிடும்.

உரையாடலில்தான் எடிட்டரின் கை அதிகம் கெடுக்கும். நெல்லைக்காரர் 'வாலே' என்பதையும் கொங்குக்காரர் 'போலாங்க' என்பதையும் எழுத்துத் தமிழுக்கு இழுக்காதீர்கள். பார்க்க வேண்டியது சீர்மை மட்டுமே. ஒரே அம்மா ஒரு பக்கத்தில் 'போயிட்டான்', அடுத்த பக்கத்தில் 'போய்ட்டான்', மூன்றாம் பக்கத்தில் 'போய்விட்டான்' என்று பேசினால் குறித்து வைத்துக் கேளுங்கள். எந்த வடிவம் அவளுடையது என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியர். பாத்திரம் ஒவ்வொருவருக்கும் நான்கைந்து சொற்களை எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

ஓரக் குறிப்புகளைக் கேள்வியாக எழுதுங்கள். "இது சரியில்லை" என்றால் அவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "அத்தியாயம் 4இல் அண்ணன் துபாயில் இருக்கிறார், இங்கே ஆடி மாதம் ஊர்த் திருவிழாவில் நிற்கிறார், இடையில் வந்தாரா?" என்று எழுதினால் ஒரு வரியில் பதில் வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று குறிப்புக்கு மேல் போனால் பெரும்பாலும் அதே பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதைத் தனிக் கடிதத்தில் ஒருமுறை சொல்லிவிடலாம். அழகான மாற்று வரி தோன்றினால் எழுதிக் கொடுக்காதீர்கள், எங்கே தடுக்குகிறது என்று மட்டும் காட்டுங்கள். உங்கள் வரி அடுத்தவர் நாவலில் உறுத்திக்கொண்டு நிற்கும்.

பக்க வடிவமைப்பு முடிந்து பிடிஎஃப் வந்ததும் மறுபடி முழுதாகப் படிக்க வேண்டும். வடிவமைப்பாளர் பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தால் வரி முடிவில் 'ெ' தனியாகத் தொங்கும், அதன் மெய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். வரி முடிவுகள், பக்க எண், அத்தியாயத் தலைப்பு, பொருளடக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சுற்று போங்கள். ஒரே சுற்றில் எல்லாம் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தால் எதுவும் தெரியாது.

பணம்

மாதம் ₹30,000 தேவை, விற்கக்கூடிய நேரம் 60 மணி என்றால் மணிக்கு ₹500. மேலே சொன்ன 70 மணி வேலைக்கு ₹35,000. இது உதாரணக் கணக்கு. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பதிப்பகம் பக்கக் கணக்கில் இதைவிடக் குறைவாகத் தந்தால், அந்தத் தொகைக்கு எத்தனை மணி நேரம் வேலை கிடைக்கும் என்பதை முன்கூட்டியே பேசுங்கள். பாதியை முன்பணமாக வாங்குங்கள்; மீதியை இறுதிக் கோப்பு தரும் முன். பொங்கல் கழித்துத் தருகிறோம் என்பது பழகிப்போன வாக்கு. பில்லில் தேதி போட்டு அனுப்பினால் அந்த உரையாடலே மரியாதையாக நடக்கும். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் நாவல் நூலாகும்போது

வரைவு முடிந்ததும் நான்கு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு வேறு எழுத்துருவில் அச்செடுத்து வாய்விட்டுப் படியுங்கள். திரையில் தப்பிய சொல் மீள்வரவு காதில் விழும். அதன்பின் கட்டாயம் இன்னொரு எடிட்டரிடம் கொடுங்கள். பிறர் பிழையை நொடியில் பிடிக்கும் நமக்கு, நாம் எழுத நினைத்ததுதான் நம் பக்கத்தில் தெரியும். காசு இல்லையென்றால் பண்டமாற்று செய்யலாம்: அவர் நாவலுக்கு நீங்கள், உங்கள் நாவலுக்கு அவர்.

டெம்மி என்ற நூல் அளவில் பக்கத்துக்கு 250 சொல் என்றால் 60,000 சொல் 240 பக்கம். சரியாக 15 ஃபாரம் (சேர்த்து அச்சாகும் பக்கக் கட்டு), ஒன்றுக்கு 16 பக்கம். முகப்புப் பக்கங்கள் எட்டும் சேர்ந்தால் 248 ஆகி அரை ஃபாரம் கூடும், செலவும் கூடும். வரி இடைவெளியைச் சற்றுக் குறைத்து 240க்குள் கொண்டுவர முடியுமா என்று வடிவமைப்பாளரிடம் முதலிலேயே கேளுங்கள்.

கிண்டிலில் 2016 முதல் தமிழ் மின்னூலை நாமே ஏற்றலாம். அமேசானின் சுயபதிப்புத் தளமான கேடிபியின் 'செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது. உங்கள் தளத்தில் முழு அத்தியாயங்களை ஏற்கெனவே போட்டிருந்தால் எடுத்துவிட்டுச் சேருங்கள். நூலை அடையாளப்படுத்தும் ஐஎஸ்பிஎன் எண்ணை டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக இலவசமாகத் தருகிறது, தனிநபரும் விண்ணப்பிக்கலாம். அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் தனித்தனி எண் வேண்டும். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர் தேவையே இல்லை.

நீங்களே பதிப்பாளர் என்றால் 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். அச்சகத்திலிருந்து கட்டு வந்து இறங்கிய அன்றே நான்கு பிரதிகளை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அஞ்சல் ரசீதைக் கணக்குக் கோப்பில் சேருங்கள்.