ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை எந்தக் கடற்கரை ஊரில் விசாரித்தாலும் இப்படி ஒரு பிள்ளையைக் காட்டுவார்கள். பிளஸ் டூவில் 600-க்கு 550-க்கு மேல் மார்க்; சேர்ந்ததோ பஸ் போகிற தூரத்துக் கல்லூரியில், மிச்சமிருந்த ஏதோ ஒரு பாடத்தில். ‘கொடுப்பினை அவ்வளவுதான்’ என்று பேச்சை முடித்துவிடுவார்கள். தோண்டிக் கேட்டால், பெரிய கல்லூரி எதுவும் அந்தப் பிள்ளையை வேண்டாம் என்று சொல்லியிருக்காது. விண்ணப்பமே போயிருக்காது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் கரோலின் ஹாக்ஸ்பி, கிறிஸ்டோபர் ஏவரி என்ற இரண்டு பொருளியல் பேராசிரியர்கள் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களில் பெரும்பாலோர், போட்டி அதிகமுள்ள கல்லூரி ஒன்றுக்குக்கூட விண்ணப்பிக்கவில்லை.

நம் பக்கம் முதல் தவறு, தலைப்பில் உள்ள அந்த வாக்கியம். பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற மத்திய அரசின் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. மெயின் நுழைவுத் தேர்வின் முதல் சுற்று ஜனவரியிலேயே முடிந்துவிடும். அதற்கு அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே பதிய வேண்டும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில். ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறவருக்கு மிஞ்சுவது மாநிலக் கவுன்சலிங்கும் உள்ளூர்க் கல்லூரியும்தான். உள்ளூர்க் கல்லூரி மட்டம் என்று சொல்லவில்லை. வேறு வழி இருந்ததே தெரியாமல் அங்கே போய்ச் சேர்வதுதான் வருத்தம்.

அடுத்தது, ஃபீஸைக் கேட்டதும் பின்வாங்குவது. ஐ.ஐ.டி.யில் ஆண்டுக்குக் கல்விக் கட்டணம் 2 லட்சம் என்றால் யாருக்கும் பகீர் என்றுதான் இருக்கும். ஆனால் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அது முழுக்கத் தள்ளுபடி. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குக் கீழே என்றால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி, 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. விடுதிச் சாப்பாட்டுச் செலவு தனி. அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம், நன்றாகப் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு ‘உனக்கு நாலு வருஷமும் கல்விக் கட்டணம் கிடையாது’ என்று முன்கூட்டியே கடிதம் போட்டது. புதுப்பணம் ஏதும் ஒதுக்கவில்லை. விண்ணப்பித்திருந்தால் பெரும்பாலும் கிடைத்திருக்கக்கூடிய சலுகைதான். கடிதம் வந்தவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வராதவர்களில் 26 சதவீதம்.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளையை ‘நல்ல கோச்சிங்’ என்று பிளஸ் ஒன்னில் தனியார் பள்ளிக்கு மாற்றுவது இன்னொரு விலையுயர்ந்த தவறு. அரசுப் பள்ளியிலேயே தொடர்ந்து படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், சட்டம், வேளாண்மை, மீன்வளம் போன்றவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத இடம் தனியே உண்டு. கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அந்த ஒரு மாற்றத்தில் இவ்வளவும் போய்விடும். அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் இது பொருந்தாது. நம் கடற்கரையில் அப்படிப்பட்ட பள்ளிகளை அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் பிரவுசிங் சென்டர். பாதிக் கதை இங்கேதான் கெடுகிறது. அவசரத்தில் சென்டர்காரர் தன் சொந்த மெயிலைக் கொடுத்துப் பதிந்துவிடுவார், பாஸ்வேர்டும் அவர் போட்டதே. ஹால் டிக்கெட் வந்ததா என்று பார்க்கக்கூட அவரைத்தான் தேடிப் போக வேண்டும். மொபைல் எண் அப்பாவுடையது. விசைப்படகு காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். ஓ.டி.பி. நடுக்கடலில் இருக்கும் போனுக்குப் போகும், டவர் இருக்காது, பத்து நிமிஷத்தில் காலாவதி. கரையில் இருக்கிற அம்மாவின் எண்ணைக் கொடுங்கள். மெயிலைப் பிள்ளையே தொடங்கட்டும், பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கட்டும்.

சான்றிதழ் விஷயத்தில் இரண்டு கவனம் போதும். மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது; பிற்படுத்தப்பட்டவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வாங்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. சேர்க்கைக்கு அது அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னோ வாங்கியதாக இருக்க வேண்டும். இன்னொன்று பெயர். முகமது, அந்தோணி போன்ற பெயர்களுக்கு ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், பள்ளி ஆவணத்தில் வேறொன்று இருக்கும். பத்தாம் வகுப்பிலேயே சரிசெய்துவிடுங்கள்.

பொறியியல் கவுன்சலிங்கில் ‘நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது’ என்று கிண்டி பொறியியல் கல்லூரியை விட்டுவிட்டு, பக்கத்துக் கல்லூரியை முதலில் போடுகிறார்கள். வரிசையில் மேலே இருப்பது உங்கள் கட்-ஆஃபுக்குக் கிடைக்குமானால் அதையே தருவார்கள். கீழே இருப்பதைப் பார்க்கவே மாட்டார்கள். ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது ஒன்றும் கைநழுவிவிடாது.

கடைசியில் பணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வீட்டில் வரும்படி இல்லை, நிவாரணம் 8,000 ரூபாய். தேர்வுகள் முடிந்து சேர்க்கைப் பணம் கேட்கத் தொடங்குவதும் அதை ஒட்டித்தான். 2024-ல் உத்தரப் பிரதேசத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் கெடுவுக்குள் கட்ட முடியாமல் இடம் போய், உச்ச நீதிமன்றம் வரை சென்றுதான் திரும்பப் பெற்றார். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேர 1,000 ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். விழா மேடைகளில் கனவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்த அடகைப் பற்றிப் பேசுவதில்லை. ஜமாத்திலோ பங்குக் கோவிலிலோ மீனவர் சங்கத்திலோ மார்ச் மாதமே ஒரு கைமாற்றுக்குச் சொல்லி வையுங்கள். படகு ஓனரிடம் வாங்கினால் அடுத்த சீசனில் அப்பாவின் பங்கில் பிடித்துக்கொள்வார். அதனால் அது கடைசி வழியாகவே இருக்கட்டும்.